கை போகாத இடம்

கையின் பின்புறத்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டுதான் ரெஜின் வண்டிக்கு அடியில் நுழைவார். மேலே என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். சைலன்சரின் வாயில் ஈரச்சாக்கைத் திணித்து வைத்திருப்பார். மல்லாந்து படுத்தபடி அந்த ஈரக் கையைக் குழாயின் ஒவ்வொரு இணைப்புக்கும் அருகில், படாமல், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிக்குக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோவார். எங்கே புகை கசிந்தாலும் ஈரத்தில் சுருக்கென்று தெரிந்துவிடும். “இந்தா, ஐயா இங்க ஒளிஞ்சிருக்காரு” என்பார். ஓட்டை உடைசலுக்கும் மரியாதை கொடுத்துப் பேசுகிற மனிதர்.

வண்டிகளுக்கும் அதே மரியாதைதான். “என்னவாம் இவங்களுக்கு?” என்றுதான் கொண்டுவந்தவரிடம் விசாரிப்பார். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில், அம்மாபேட்டை தாண்டியதும் வயல்களுக்கு நடுவே இருக்கிறது அவருடைய பட்டறை. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. பலகையில் இன்னும் அப்பா ஜோசப்ராஜின் பெயர்தான். அப்பா டிராக்டர் பார்த்தார். மகனிடம் வருவதெல்லாம் வேக வண்டிகள். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று எங்கெங்கிருந்தோ இளவட்டங்கள் தங்கள் வண்டிக்குச் சத்தம் ஏற்றிக்கொள்ள வருவார்கள். கம்பெனி மாட்டி அனுப்பிய சைலன்சரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய பெருங்குழாயைப் பொருத்தித் தரவேண்டும். மாட்டுவதைவிட, மாட்டியபின் வரும் கோளாறுகளைத் தீர்ப்பதுதான் பெரிய வேலை. அதில் ரெஜினுக்கு நல்ல பெயர்.

ஆள் குள்ளம். தொந்தி வண்டியின் அடிப்பாகத்தில் இடிக்கும். ஆனாலும் எந்நேரமும் குளித்து முடித்தவர்போல இருப்பார். மதியம் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை சோப்புப் போட்டுக் குளித்துச் சட்டையை மாற்றிவிடுவார். பக்கத்து டயர் கடைக்காரர் அவரை “மாப்ள மெக்கானிக்” என்று கூப்பிடுவார். டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார். தயிர்ச்சாதமோ உப்புமாவோ, எதைத் தின்றாலும் ஒரு பச்சைமிளகாயைக் கடித்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர்கள் இதையெல்லாம் பழக்கம் என்று நினைத்தார்கள்.

பழக்கம் இல்லை. கொரோனாவின் இரண்டாவது அலையில் அவருக்கு வாசனை போயிற்று. ஊரில் பலருக்கும்தான் போயிற்று. சில வாரங்களில் திரும்பி வந்தது. ரெஜினுக்கு வரவில்லை. கிராம்பு, எலுமிச்சைத் தோல், கற்பூரம், நீலகிரித் தைலம் என்று நான்கை டப்பாக்களில் வைத்துக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார் மருத்துவர். கண்ணை மூடிக்கொண்டு, செபம் சொல்வதுபோல மாதக்கணக்கில் முகர்ந்து பார்த்தார். டப்பாக்களுக்குள் வெறும் காற்றுதான் இருந்தது. சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் மிளகாயின் எரிச்சலும் மிஞ்சின. டீயில் சூடு மட்டும். பூசையில் சாம்பிராணிப் புகை எழும்போது மற்றவர்கள் மூச்சை இழுத்துவிடுவதைப் பார்த்து அவரும் இழுத்துவிடுவார். தன் உடம்பு நாறினால் தனக்கே தெரியாதே என்ற பயத்தில்தான் அத்தனை குளியல்.

மனைவி விண்ணரசியைத் தவிர வேறு யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. “மூக்கு செத்தவன்கிட்ட எவன் வண்டிய விடுவான்?” என்று ஒரே ஒருமுறை அவளிடம் கேட்டார். பெட்ரோல் கசிவு, கருகும் வயர், சூட்டுக் குழாயில் சொட்டும் ஆயில், இவற்றில் பாதி கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத்தான் தெரியும். “கை போகாத எடத்த மூக்கு பாத்துக்கும்” என்று வண்டிக்காரர்களிடம் வருசக்கணக்காகச் சொல்லிவந்தவர் அவர். வாசனை போன பிறகும் அந்தப் பேச்சை அவரால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள்.

அதனால் புருசன் பெண்டாட்டி இருவருமாக ஒரு வழி செய்துகொண்டார்கள். துணி காயப்போடும் கொடியை விண்ணரசி வீட்டுக் கொல்லையிலிருந்து பட்டறை ஓரத்துக்கு மாற்றினாள். சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் ஒவ்வொரு வண்டியையும் ஒட்டி நடந்து போவாள். சோறு போடும்போது தாழ்ந்த குரலில் சொல்வாள்: “அந்த வெள்ள வண்டியில பெட்ரோல் வாடை அடிக்குது, முன்பக்கம்.” ரெஜின் தலையை ஆட்டிக்கொள்வார். மறுநாள் காலை வெள்ளை வண்டிக்காரரிடம், “முன்னாடி ஓஸ் கசியுதுங்க, வாசத்துலயே புடிச்சிட்டேன்” என்பார். உள்ளேயிருந்து விண்ணரசி கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் சிரித்ததில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த பட்டறைக்குத்தான் புரட்டாசி முடிகிற சமயத்தில் அந்தச் சிவப்பு வண்டி வந்தது.

வண்டிக்காரர் தமிழ்மாறன், மன்னார்குடியில் பல் மருத்துவர். வண்டி சின்னதுதான், ஆனால் டர்போ என்ஜின், தொட்டால் பாயும். கைமாறி வாங்கியிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து முழுநீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சைலன்சரும் வரவழைத்திருந்தார். புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் இந்தக் குழாயில் கிடையாது. இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். “இது இல்லாம ஓட்டுறது சட்டப்படி தப்பு டாக்டர்” என்றார் ரெஜின். எல்லாரிடமும் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். தமிழ்மாறனும் சிரித்தார்.

வண்டியை எடுக்க வந்த அன்று தமிழ்மாறன் தன் அம்மா அம்சத்தையும் மகள் செம்மொழியையும் கூட்டிவந்திருந்தார். சாவியைத் திருகியதும் எழுந்த முழக்கத்தில் கொடிக்கம்பியில் இருந்த காக்கைகள் பறந்தன. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு குதித்தது. அம்சம் காதைப் பொத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தாள்.

“எங்க தெருவுக்கு மினிபஸ்ஸுகூட திரும்பாது தம்பி” என்றாள் ரெஜினிடம். “வேட்டுச் சத்தம் மட்டுந்தான் வரும். அதுவும் சாவு வுழுந்தாத்தான். இனிமே இது வரட்டும். மெயின்ரோட்டுல திரும்புறப்பவே எல்லாருக்கும் கேக்கணும்.”

“கேக்கும்மா. தாராளமா கேக்கும்” என்றார் ரெஜின்.

வழக்கம்போலக் கோளாறுகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. கன்வெர்ட்டர் இருந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் சென்சார், புகை சுத்தமாகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ரெஜின் ஒரு சிறு இரும்புத்துண்டை இடையில் திருகி, சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி உட்காரவைத்தார். விளக்கு அணைந்தது. அடுத்து, ஒரே வேகத்தில் ஓட்டும்போது உள்ளே ரீங்காரம். “அண்டாவுக்குள்ள தலைய வுட்ட மாதிரி இருக்குண்ணே” என்றார் தமிழ்மாறன். கூடவே வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் டொக்கென்று ஓர் அடி.

இரண்டையும் சேர்த்துத் தீர்க்க, டிக்கிக்கு நேர் கீழே சத்தத்தை அடக்கும் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதைத் தாங்க ஒரு கொக்கியையும் வெல்டிங் செய்தார். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. ரப்பர் மூடி போட்டிருக்கும். வெல்டிங் சூட்டில் மூடி உருகிவிடக்கூடாதே என்று அதைக் கழற்றி நட்டு போல்ட்டுத் தட்டில் போட்டார். வேலை முடிந்தது. ரீங்காரம் நின்றது, அடியும் நின்றது. மூடி தட்டிலேயே கிடந்தது.

விண்ணரசி அந்த வாரம் ஊரில் இல்லை. தங்கை பிரின்ஸிக்குப் பிரசவம் என்று நாகூர் போயிருந்தாள்.

வண்டியை எடுத்துப்போன மறுநாளே தமிழ்மாறன் திரும்ப வந்தார். “சத்தமெல்லாம் சூப்பருண்ணே. உள்ளதான் லேசா ஒரு வாசம் வருது. பின் சீட்டுல.”

ரெஜின் கையை நனைத்துக்கொண்டு அடியில் போனார். சோப்புத் தண்ணீரை இணைப்புகள்மேல் அடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். எட்டிய இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. புதுப் பெட்டியின் மேல்பக்க இணைப்பு மட்டும் டிக்கியின் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கை போகவில்லை. வெளியே வந்து பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூச்சை இழுத்தார். இன்னொருமுறை ஆழமாக இழுத்தார். கண்ணாடிக்கு வெளியே தமிழ்மாறன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு நாளில் விண்ணரசி வந்துவிடுவாள். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? இப்போதுதான் இரண்டு தடவை முகர்ந்து காட்டியாயிற்று.

“புது பைப்பு, புது வெல்டிங்கு. மேல இருக்குற எண்ணெ எரியுது டாக்டர்” என்றார் இறங்கி. “நாலு நாள் ஓடுனா போயிடும்.”

முழுப்பொய்யும் இல்லை. பல வண்டிகளில் அப்படித்தான் ஆகும். அதனால்தான் அது அத்தனை சுலபமாக வாயில் வந்தது. விண்ணரசி திரும்பி வந்தபோது சிவப்பு வண்டி பட்டறையில் இல்லை. அவரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை வலுத்தது. அதற்குப்பின் சிவப்பு வண்டி வரவே இல்லை. வராததை ரெஜின் நல்லதாக எடுத்துக்கொண்டார். நல்லா இருக்கிற வண்டி எதுக்கு மெக்கானிக்கிடம் வரப்போகிறது?

அது வந்தபோது கார்த்திகை பிறந்திருந்தது. தூறலில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டிவந்திருந்தார் தமிழ்மாறன். சீட்டெல்லாம் நனைந்து ஊறியிருந்தன. சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. இறங்கியவர் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“வாங்க டாக்டர். என்னவாம் இவங்களுக்கு?” என்றார் ரெஜின்.

“அம்மாவும் பாப்பாவும் ஆஸ்பத்திரியில கெடந்து வந்தாங்கண்ணே.”

திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாணம். மனைவி முதல் நாளே கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதால், அம்மாவையும் மகளையும் பின் சீட்டில் வைத்துக்கொண்டு தமிழ்மாறன் கிளம்பியிருக்கிறார். நல்ல மழை. கோட்டூர் தாண்டியதும் வாய்க்கால் உடைந்து சாலையில் தண்ணீர் ஓடியிருக்கிறது. எதிரே அறுவடை மெஷின் ஏற்றிய லாரி சேற்றில் மாட்டி, இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. கண்ணாடியில் ஆவி படிகிறது என்று ஏசியைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தமிழ்மாறன் லாரியைப் பார்க்கப் போனார். அங்கே நாலு பேரோடு சேர்ந்து தானும் கைகொடுத்துத் தள்ளினார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது செம்மொழி வாந்தி எடுத்துப் பாட்டியின் மடியில் சுருண்டுகிடந்தாள். அம்சம் கண்ணைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை.

“பொகையில இருக்குற கார்பன் மோனாக்சைடுண்ணே. அதுக்கு வாசமே கெடையாது. கூட வர்ற பொகைக்குத்தான் வாசம். அந்த வாசம் வந்தப்பவே முழிச்சிருக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க” என்றார் தமிழ்மாறன். “பாப்பா மறுநாளே எந்திரிச்சு வெளையாட ஆரம்பிச்சிட்டா. அம்மாதான்…”

ரெஜின் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அம்மாவுக்கு என்ன டாக்டர்?”

“அடுப்பப் பத்தவச்சிட்டு நிக்கிது. எதுக்குப் பத்தவச்சோம்னு தெரியல. எங்கப்பா பேர அது வாயால சொல்லி நான் கேட்டதே இல்லண்ணே. ரேசன் கடையில கேட்டாக்கூட என்னைய கூப்ட்டுச் சொல்லச் சொல்லும். இப்ப என்னையே கோவிந்தராசுன்னு கூப்புடுது. அப்பா போயி எத்தன வருசமாச்சு. போகப் போகத் தெளியும்கிறாங்க. எப்பன்னு சொல்லல.”

ரெஜின் வண்டிக்கு அடியில் போனார். வாளியைத் தொடவில்லை. மல்லாந்து படுத்துப் புதுப் பெட்டிக்கு மேலே விளக்கைப் பிடித்தார். மேல்பக்க இணைப்பைச் சுற்றித் தகரம் கன்னங்கரேலென்று கரி படிந்திருந்தது. அதற்கு நேர் மேலே ஒரு வட்டமான இருட்டு. விரலை அதற்குள் விட்டார்.

டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு உள்ளே குனிந்திருந்த தமிழ்மாறன், வண்டியின் தரையிலிருந்து ஒரு விரல் முளைத்து வருவதைப் பார்த்தார். கிரீஸ் படிந்த, நகம் உடைந்த விரல். அது அசையவில்லை. உள்ளே போனதும் எடுக்க மறந்ததுபோல அப்படியே நின்றது.

வெளியே வந்த ரெஜின் நட்டு போல்ட்டுத் தட்டைக் கிளறினார். ரப்பர் மூடி அடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தமிழ்மாறன் அதை வாங்கவில்லை.

“இது மறதிண்ணே. மறதி எனக்கும்தான் வரும். ஆனா அன்னைக்கி நீங்க உள்ள உக்காந்து மோந்து பாத்தீங்கள்ல? ரெண்டு தடவ பாத்தீங்க. உங்களுக்கு வாசம் வரலியா?”

கொடியில் நனைந்த துணிகளை உருவிக்கொண்டிருந்த விண்ணரசி அப்படியே நின்றாள். பிறகு துணிக்குவியலை மார்போடு அணைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?” என்றாள் கணவரிடம்.

“எனக்கு வாசம் தெரியாது டாக்டர்” என்றார் ரெஜின். “கொரோனாவுல போனது. திரும்ப வரல. யாருட்டயும் சொல்லல.”

தமிழ்மாறன் கத்துவார் என்று விண்ணரசி எதிர்பார்த்தாள். அடித்தாலும் அடிப்பார் என்று ரெஜின் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. தமிழ்மாறன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தகரக் கூரையிலிருந்து அவர் தோளில் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. நகரவில்லை.

“எங்கம்மா ரெண்டு தடவ சொன்னிச்சு” என்றார் கடைசியில். “வண்டிக்குள்ள என்னமோ நாறுதுடா மாறான்னு. நான்தான் அடக்குனேன். மெக்கானிக்கே மோந்து பாத்துட்டாரும்மா, ஒனக்கு என்ன தெரியும்னு.”

விண்ணரசி உள்ளே போய்த் துண்டு எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் துவட்டிக்கொள்ளவில்லை.

“வேற பட்டறைக்குக் கொண்டு போறதுன்னா சொல்லுங்க டாக்டர். கழட்டி வச்ச பழைய சாமானெல்லாம் அப்படியே இருக்கு. ஏத்திவிடுறேன்” என்றார் ரெஜின்.

“வேணாம். கழட்டுன கையாலயே மாட்டுங்க.”

பழைய சைலன்சரையும் கன்வெர்ட்டரையும் மூலையிலிருந்து தூக்கிவந்து மதியம் முழுக்க ரெஜின் தனியாக மாட்டினார். டயர் கடைக்காரர் கைகொடுக்க வந்தபோது வேண்டாமென்றுவிட்டார். சென்சாரைத் தள்ளி உட்காரவைத்திருந்த இரும்புத்துண்டை உருவி எறிந்தார். ரப்பர் மூடியை அமுக்கி, மேலேயிருந்தும் கீழேயிருந்தும் இழுத்துப் பார்த்தார். சாப்பிடவும் இல்லை, குளிக்கவும் இல்லை. பழைய குழாயின் மேல்பக்க இணைப்பைக் கண்ணால் பார்ப்பதற்காக விண்ணரசியின் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி அடியில் பிடித்துக்கொண்டார். அதில் இணைப்போடு அவர் முகமும் தெரிந்தது.

வேலை முடிந்து சாவியைத் திருகியபோது வண்டி சத்தமே போடவில்லை. மின்விசிறி சுற்றுவதுபோல ஒரு மெல்லிய இரைச்சல். தமிழ்மாறன் சற்று நேரம் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

ரெஜின் பின்கதவைத் திறந்தார். விண்ணரசி வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் உக்காந்து பாக்குறேங்க. நீங்க உக்காந்து என்ன தெரியப்போவுது?”

“தல வலிச்சா தெரியும்ல” என்றார் ரெஜின்.

அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே ஏறினார். இடப்பக்கம், ஜன்னலோரம், அம்சம் உட்கார்ந்து போன இடம் அதுதான் என்று கேட்டு வைத்திருந்தார். கதவைச் சாத்தி, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னார். தமிழ்மாறன் ஏற்றினார். வண்டி சாலையில் ஏறி நீடாமங்கலம் பக்கம் திரும்பியது. இரண்டு புறமும் சம்பா நாற்றுகள் தண்ணீருக்குள் மூழ்கி நுனி மட்டும் தெரிந்தன. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ரெஜின் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

தமிழ்மாறன் தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் ஒருமுறை அவரைப் பார்த்தார். சற்றுத் தூரம் போனதும் திரும்பவும் பார்த்தார். பிறகு தன் பக்கத்துச் சுவிட்சை அழுத்தினார். ரெஜினின் ஜன்னல் கண்ணாடி விரற்கடை அளவு இறங்கியது. சாரல் அவர் முகத்தில் தெறித்தது.

ரெஜின் கண்ணைத் திறந்தார். கதவில் இருந்த சுவிட்சைத் தடவிக் கண்டுபிடித்து, இழுத்துப் பிடித்துக் கண்ணாடியை மறுபடி மேலேற்றினார். முழுக்க ஏறி நின்ற பிறகும் விரலை எடுக்கவில்லை.